பார்த்தனான் எண்டு சொன்ன பொய்

சண்டை முடிஞ்சு ரெண்டு வருசம் இருக்கும். தமிழ்நாட்டு அகதி முகாமில மனிசியையும் ஒன்பது வயசு மகளையும் விட்டுட்டு, நான் மட்டும் முதல்ல மன்னாரில எங்கட ஊரான அடம்பனுக்குத் திரும்பி வந்திருந்தன். காணி இருந்தது, வீடு இல்லை. தமையன் வீட்டிலதான் படுக்கை. "உங்களுக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்கட்டும், வாறம். அதுவரைக்கும் பிள்ளையின்ர படிப்பைக் குழப்ப ஏலாது" எண்டு மனிசி சொல்லிப்போட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நித்திரை கொள்ள ஏலுமே? என்ர வயித்துக்கு மேல காலைப் போட்டுத்தான் படுப்பாள் மகள். அந்தக் கால் இல்லாமல் எனக்குக் கண் மூடாது. தலைமன்னார்ப் பக்கம் போனால் கடலைப் பார்க்கவே மாட்டன். இவ்வளவு தண்ணிக்கு அந்தப் பக்கம்தானே இருக்குதுகள் ரெண்டும்.

அந்த நேரம்தான், திரும்பி வந்த சனத்துக்கு வீடு கட்டுற சாமான் ஏத்துற கம்பனியொண்டில லொறி ஓட ஆள் எடுத்தாங்கள். லைசன்ஸ் என்னட்ட இருந்தது. ஆனால் ஒரு மாசம் பழகவேணும். பழக்கிற ஆள், "இவரைத் தனிய விடலாம்" எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சால்தான் வேலை.

பழக்கினவர் கொண்டச்சி ஆள். கனகாலம் புத்தளத்தில அகதியாய் இருந்துபோட்டு ஊர் திரும்பின முஸ்லிம் பொடியன். என்னைவிட எட்டு வயசு இளமை. நான் அவரை மாஸ்டர் எண்டுவன், அவர் என்னை அண்ணே எண்டுவார். மரியாதை அந்த ஒரு சொல்லோட சரி. "அண்ணே, கண்ணாடி உங்கட மீசையைப் பார்க்கப் பூட்டினதில்லை!" எண்டு ரோட்டே கேக்கக் கத்துவார். கியர் மாத்தேக்க 'கறக்' எண்டு ஒரு சத்தம் வந்தால் போச்சு. லொறியை ஓரங்கட்டி, கியரிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுவார். பகிடியில்லை, அடம்பன் சந்தைக்கு முன்னால, சொந்தக்காரர் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிக்க, நான் கேட்டிருக்கிறன்.

எல்லாத்தையும்விடக் கொடுமை பின்னுக்கு எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் இறங்கி, லொறியை ஒரு சுத்துச் சுத்தி, குனிஞ்சு பின் சில்லுகளுக்குக் கீழ பார்த்து, திரும்ப ஏறி, "பார்த்தனான்" எண்டு வாய்விட்டுச் சொல்லவேணும். "காடு வெட்டி வெளியாக்கின ஊருகள் அண்ணே, ஒரு மரம் இல்லை. லொறி நிண்டால் அதுதான் நிழல். சனம் வந்து இருந்திடும்" எண்டுவார். எனக்கெண்டால் பத்திக்கொண்டு வரும். இந்தியாவில செங்கல் லோட் அடிச்ச எனக்கு இவர் பாலர் வகுப்பு நடத்துறார் எண்டு மனசுக்குள்ள திட்டாத திட்டில்லை.

மாசத்தின்ர கடைசி நாள் வந்தது. வெள்ளாங்குளத்துக்குக் கூரைத் தகரம். முதல் நாளே மனிசி போனில சொல்லியிருந்தாள்: "நாளைக்கு இங்க பள்ளிக்கூடத்தில பேர் பதியிற கடைசி நாள். ரெண்டு மணிக்கு எடுப்பன். பதியிறதோ, அங்க வெளிக்கிட்டு வாறதோ எண்டு சொல்லுங்கோ." வெள்ளாங்குளத்தில கவரேஜ் இல்லை. அடம்பன் கிட்டவாக வந்தால்தான் போன் வேலை செய்யும்.

தகரம் இறக்கி முடியவே ஒண்டேகால் ஆகிட்டுது. மாஸ்டர் சாமான் துண்டில கையெழுத்து வாங்கப் போயிருந்தார். நான் டிரைவர் சீற்றில இருந்து நேரத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தன். அவர் வந்து ஏறினார்.

"பார்த்தனீங்களோ?"

"ஓம், பார்த்தனான்."

நான் இறங்கவே இல்லை.

ஸ்டார்ட் பண்ணிப் பின்னுக்கு எடுத்தன். ஒரு முழம் போயிருக்காது, பொம்பிளையள் குழறுற சத்தம், லொறித் தகரத்தில அடிக்கிற சத்தம். மாஸ்டர் பாய்ஞ்சு ஹாண்ட் பிறேக்கை இழுத்துப்போட்டார். இறங்கி ஓடினன். பின் சில்லுக்குப் பின்னால, லொறிக்குக் கீழ ஒரு இளம் பொம்பிளை, கையில பச்சைக் குழந்தையோட. வேலி இல்லை, மறைப்பில்லை, சுத்திவர ஆம்பிளையள். பால் குடுக்க வேற இடமில்லாமல் அங்க போய் இருந்திருக்கிறாள். அவளின்ர சீலைத் தலைப்புச் சில்லுக்குள்ள. எழும்ப ஏலாமல் அப்பிடியே இருந்தாள். குழந்தை பாட்டுக்குப் பால் குடிச்சுக்கொண்டிருந்தது.

"முன்னுக்குத்தான் எடுப்பீங்கள் எண்டு நினைச்சன் அண்ணை" எண்டாள். ஐயோ கடவுளே, என்னட்டை மன்னிப்புக் கேக்கிற மாதிரிச் சொன்னாள்!  அந்தப் புழுதியிலயே குந்தினன். மாஸ்டர்தான் லொறியை முன்னுக்கு எடுத்துச் சீலையை விடுவிச்சார்.

திரும்பி வரேக்க அவர்தான் ஓடினார்.  கியரிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கிற மனுசன், ஒரு வார்த்தை திட்டேல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பன். அடம்பனுக்குக் கிட்ட நிப்பாட்டி, என்னைத் தனிய விடலாமோ எண்டு எழுதவேண்டிய தாளையும் பேனையையும் என்ர மடியில வைச்சார்.

"நீங்கள் சொன்னதை நம்பி நானும் இருந்திட்டன், அண்ணே. பிழை எனக்கும் இருக்கு. அதால நீங்களே எழுதுங்கோ. எதை எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுவன்."

விளையாட்டுக்குச் சொல்லேல்லை. நான் "விடலாம்" எண்டு எழுதினால் போட்டிருப்பார். அந்த நேரம் பார்த்துப் போன் அடிச்சது, முகாம் நம்பர். எடுக்கேல்லை. பேனையைத்தான் எடுத்தன். பிறகு எழுதினன்: "இன்னும் தனிய விட ஏலாது." அவர் வாசிச்சார், கையெழுத்து வைச்சார், வெளியில பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைச்சார்.

திரும்பப் போன் அடிக்க எடுத்தன். "பிள்ளையின்ர பேரை அங்கயே பதி" எண்டன்.  "சரி. சாப்பிட்டனீங்களோ?" எண்டு கேட்டாள்.

அந்த வேலை வேற ஆளுக்குப் போச்சு. நாலு மாசத்தால, திரும்பவும் அதே மாஸ்டரிட்டப் பழகித்தான் எனக்கு லொறி கிடைச்சது. ஆனால் அங்க படிப்பு, பிறகு பத்திரங்கள், அது இது எண்டு இழுபட்டு, அவையள் வந்துசேர ரெண்டு வருசம் போயிட்டுது. கட்டுநாயக்கா எயார்போட்டில மகள் என்ர தோள் உயரத்துக்கு நிண்டாள். ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் எண்டு கையை விரிச்சுக்கொண்டு நிண்டன். அவள் தாயின்ர பக்கத்திலயே நிண்டு, வெக்கத்தோட, "நல்லாயிருக்கீங்களாப்பா?" எண்டு விருந்தாளியிட்டக் கேக்கிற மாதிரிக் கேட்டாள். அண்டைக்கு ராத்திரி தாயோட போய்ப் படுத்தாள்.

என்ர பிள்ளை எனக்குத் தெரியாமல் வளர்ந்த அந்த ரெண்டு வருசத்துக்கு நான் இண்டைக்கும் ஏங்குறன், சாகும் வரைக்கும் ஏங்குவன். எண்டாலும் அந்தத் தாளைத் திரும்பத் தந்தால் அதே வசனத்தைத்தான் எழுதுவன். வெள்ளாங்குளத்தில எங்கயோ அந்தப் பச்சைக் குழந்தையின்ர தகப்பன், இந்த வருசங்களில ஒண்டைக்கூடத் தவறவிடாமல், தன்ர பிள்ளை வளர்றதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.