பாதியில் வெட்டிய என் இங்கிலீஷ்

நான் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், மறதியும் உண்டு. பொறுத்துக்கொண்டு படியுங்கள். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

போன மழைக்காலம் தொடங்கும் முன்பு, எங்கள் பீர்மேட்டில் நடந்தது இது. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வியூ பாயிண்ட் போகிற வழியில் ஒரு கடையில் தேயிலைத்தூளும் ஏலக்காயும் பொட்டலம் போடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஏதாவது கேட்டால் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். சின்ன வயதிலிருந்தே அப்படி ஒரு கூச்சம். ஆலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்து ஹாலில் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார்கள். கடைக்கும் ரிசார்ட்டுக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்கான வகுப்பு. சொல்லிக்கொடுத்த டீச்சர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து படித்து முன்னுக்கு வந்த பெண். என் மகள் வயதுகூட இருக்காது. வகுப்பு போக, பாட்காஸ்ட் என்று ஒன்றும் அனுப்புவாள். ரேடியோ மாதிரிதான் அது. ஆனால் யார் வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் போனில் போட்டுக் கேட்கலாம், புரியாவிட்டால் திரும்பவும் கேட்கலாம். வாசிக்கத் திணறுகிறவளுக்குக் காது மட்டும் போதும் என்பது எவ்வளவு பெரிய விஷயம். உலை கொதிக்கும்போது போனை அரிசிப் பானைமேல் சாய்த்துவைத்து, அது சொல்லச் சொல்ல நானும் சொல்வேன். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தானே, பக்கத்து வீட்டுக்காரிக்கு எல்லாம் கேட்கும்.

"யக்கா, இனி துரைசாணியே வந்தாலும் ஒங்ககிட்ட நின்னு பேச முடியாது போலுக்கே" என்பாள். எனக்கும் சிரிப்பு வரும்.

ஒரு ஞாயிறு, வாழ்க்கையில் நடந்த ஒன்றை இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றாள் டீச்சர். ஒருத்தி கல்யாணத்தைச் சொன்னாள், ஒருத்தி வேளாங்கண்ணி போனதைச் சொன்னாள். என் முறை வந்தது. என் வீட்டுக்காரர் செத்ததைச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. தமிழில் அதை ஒருநாளும் என்னால் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை, பாதியிலேயே அழுதுவிடுவேன். இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் அழுவதற்கு நேரமில்லை.

அவர் எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் தண்ணீர்க் குழாய் பார்த்தவர். மலைமேல் ஓடையிலிருந்து தொட்டி தொட்டியாக லயங்களுக்குக் குழாயில் தண்ணீர் இறங்கும். மழைக்காலத்தில் இலையும் சேறும் வந்து அடைத்துக்கொள்ளும். பல வருஷம் முன்பு, அவர் செத்த அன்று, காலையிலிருந்து யார் வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே ஆளுக்கு ஆள் தெரியாத மூடுபனி. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு, அடைப்புக் குத்துகிற கம்பியை எடுத்துக்கொண்டு மேலே போனார். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் கலங்கலாக வந்து பிறகு தெளிந்தது. லயத்தில் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நானும் ஓடினேன். அவர் வரவில்லை. மறுநாள் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள்.

குடித்துவிட்டு விழுந்தான் என்று எஸ்டேட் ஆபீஸ் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. அவர் ஒருநாளும் குடித்ததில்லை. குடித்தவனால் அந்த வழுக்கலில் ஏறிப்போய் அடைப்பை எடுத்து, ஊருக்கே தண்ணீர் விட முடியுமா? நான் கேட்டேன், அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அன்று சொன்னேன். "பீப்பிள் சே ஹி ட்ரிங்க். நோ. ஹி நெவர் ட்ரிங்க். வாட்டர் கம். ஹி நாட் கம்." இப்படித்தான் முடித்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் போன் எப்போதும்போல மேஜைமேல் இருந்தது. வகுப்பைப் பதிவு பண்ணி, வராதவர்களுக்கு அனுப்புவேன் என்று முதல்நாளே சொல்லியிருந்தாள், நாங்களும் தலையாட்டியிருந்தோம்.

அதற்குப் பிறகு ஒருநாள் குமுளிக்கு சாமான் எடுக்க ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். டிரைவர் பையன் டூரிஸ்ட் ஓட்டத்துக்கு உதவும் என்று ஒரு இங்கிலீஷ் பாட்காஸ்ட் பாடத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். யாரோ ஒரு கிழவி திக்கித் திக்கிப் பேசினாள். நம்முடைய குரல் வெளியே கேட்கும்போது நமக்கே அடையாளம் தெரிவதில்லை. 'ஹஸ்பண்ட்' என்றாள், 'பைப்' என்றாள். அப்போதுதான் அந்தக் கிழவி நான்தான் என்று தெரிந்தது.

"பீப்பிள் சே ஹி ட்ரிங்க்" என்றது என் குரல். உடனே டிங் என்று ஒரு மணிச் சத்தம். அதோடு நான் முடிந்துவிட்டேன். அடுத்து டீச்சர் குரல், இந்தப் பேச்சில் எத்தனை தப்பு இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்றது.

ஜீப்பே சிரித்தது.

"தப்ப எங்க எண்ண? தப்புக்கு நடுவுலல்லா இங்கிலீசத் தேடணும்" என்றாள் எனக்கு எதிரே இருந்த ஒருத்தி.

"சிரிக்காதிய. அந்தக் கெழவிக்கு இருக்க தைரியம் நமக்கு இருக்கா?" என்றான் டிரைவர்.

முன்சீட்டில் ஒரு வயசாளி இருந்தார். அவர் திரும்பாமலே சொன்னார்: "இது மேல் டிவிஷன்ல தண்ணிக் கொழாய் பாத்தவன் கததான். குடிச்சிட்டுப் பள்ளத்துல உருண்டாம்லா, அவன்."

"நெசமாவா?"

"பின்னே? அவன் பெஞ்சாதியே சொல்லுதாளே, கேக்கல?"

நான் துண்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டேன். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. அடுத்த வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.

"அம்மாச்சி, குமுளின்னுதான சொன்னிய?"

"இங்ஙன எறங்கிக்கிடுதேன்" என்றேன்.

ஏலத்தோட்டத்து ஓரமாக நடந்து வந்தேன். கோபத்தில் கால் வலியே தெரியவில்லை. இங்கிலீஷ் தப்பு என்று சிரித்தால் சிரிக்கட்டும், தப்புத்தானே. ஆனால் இத்தனை வருஷம் ஊர் சொன்ன பொய்க்கு என் வாயையே சாட்சியாக்கிவிட்டார்களே. அதற்கு அடுத்த சொல்லே 'நோ' தானே. அந்த ஒரு சொல்லையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா? அதை விட்டுவைக்கக்கூட நேரமில்லாமல் அப்படி என்ன அவசரம்?

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஹாலுக்குப் போனேன். டீச்சர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பெறவு நான் சொன்னதெல்லாம் எங்க?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. ஜீப்பில் கேட்டதைச் சொன்னேன். உடனே சிரித்தாள்.

"ஓ, அதுவாம்மா? ஒங்க பேரு, ஊரு ஒண்ணும் நான் சொல்லலையே. நீளமா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, தப்பு கண்டுபிடிக்க அந்த அளவு போதும்னு வெட்டினேன். அந்தப் பாடத்தத்தான் நெறையப் பேர் கேட்டிருக்காங்க, தெரியுமா?"

என்னைப் பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னாள். எனக்கு அது இன்னும் எரிந்தது.

"அன்னைக்கு நீ அழுதியே, தாயி. என் இங்கிலீசு தப்பா இருக்குன்னா அழுத?"

அவள் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "அழிச்சிடுறேம்மா. இப்பவே அழிச்சிடுறேன்."

"ஜீப்புல இருந்தவன் காதுல விழுந்ததையும் அழிப்பியா? அழிக்க வேண்டாம். மிச்சத்தையும் சேத்துப் போடு."

"மிச்சம் இல்லம்மா. வெட்டினத அப்பவே அழிச்சிட்டேன்."

அதைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் ஒரே ஒரு தரம் முழுதாகச் சொன்ன பேச்சு அது.

அப்போது மற்ற பெண்களும் வந்து வாசலில் நின்றார்கள். போனை எடு, திரும்பச் சொல்லுகிறேன் என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. தமிழில் சொன்னால் எளிதாக இருக்குமே என்றாள் டீச்சர். இங்கிலீஷ் பாடத்தில்தானே அவரைக் குடிகாரர் ஆக்கினாய், இங்கிலீஷிலேயே சொல்லுகிறேன் என்றேன். வாக்கியத்தைச் சரிபண்ணித் தரட்டுமா என்று மெல்லக் கேட்டாள். வேண்டாம், என் தப்போடேயே இருக்கட்டும் என்றுவிட்டேன்.

சொன்னேன். இந்தத் தடவை இங்கிலீஷிலும் அழுகை வந்தது. நடுவில் பேச முடியாமல் நின்றபோது அவள் கை போன் பக்கம் போனது. "வெட்டாத" என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். கடைசிவரை சொல்லி முடித்தேன்.

அதை அவள் முழுதாகப் போட்டாள். பழையதையும் எடுத்துவிட்டாள். பாதியில் வெட்டியது என் தவறு, இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, கேளுங்கள் என்று தன் குரலிலேயே முன்னால் சொல்லியிருந்தாள். அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் வெட்டிய துண்டு ஏற்கனவே போனுக்குப் போன் போய்விட்டது. அந்த அளவுக்கு முழுசு போகவில்லை. போன மாதம்கூட கடைக்கு வந்த ஒருத்தி, "தப்புத் தப்பாப் பேசுத அம்மாச்சி நீங்கதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளை உட்காரவைத்து, கடையில் ஆள் காத்துக்கொண்டிருக்க, முழுதையும் போட்டுக் காட்டித்தான் அனுப்பினேன். எழுந்து போகும்போது அவள் சிரிக்கவில்லை. முன்சீட்டுக்காரரைத்தான் அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை.

வகுப்புக்கு இன்னும் போகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் இப்போது மூட்டைக்குப் பின்னால் போவதில்லை. ஆனால் ஹாலில் வாயைத் திறக்கும் முன்பு, போன் ஓடுகிறதா, எதுவரை போடப் போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். எங்களைப் போன்றவர்கள் பேச்சை எடுத்துப் பாடம் நடத்துகிற படித்தவர்கள் யாரும் எதுவரை போடலாம் என்று எங்களிடம் கேட்பதில்லை, நாங்களே கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் போன அன்று என்ன கிழமை என்பது எனக்கு மறந்துவிட்டது. அடைப்பு எடுத்தது மேல் தொட்டியிலா, நடுத் தொட்டியிலா என்பதும் சரியாகத் தெரியவில்லை. மேல் டிவிஷனில் அன்று சாயங்காலம் குடம் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள், நீளமாக இருக்கிறதே என்று தண்ணீர் வந்ததற்கு முன்னால் மட்டும் வெட்டிவிடாதீர்கள்.