ஆறு முறை விற்ற ஒரே தேங்காய்

நான்கு வருடங்களுக்கு முன்பு, தென்கேரளத்தில் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்த புதிது. எங்கள் ஊர் கொல்லயில்; அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போவேன். பிளஸ் டூவில் நான் படித்தது வரலாறு. என்னைப் போல் காமர்ஸ் படிக்காமல் வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் தனி வகுப்பு வைத்தார்கள். சதவீதம், கூட்டல், கேள்வியை நிதானமாகப் படிப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். முடிவில் ஒரு தேர்வு. தேறாதவர்களை வேறு பாடத்துக்கு மாறச் சொல்வார்கள் என்று பேச்சு.

உங்கள் ஊர் விழா ஒன்றின் வரவு செலவை எழுதுக என்று ஒரு பெரிய கேள்வி. அடித்தது யோகம் என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக் கணக்கை எழுதினேன். கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். மதிப்பெண் பூஜ்யம். சார் வடகேரளத்துக் கண்ணூர்க்காரர். ஒரே தேங்காயை ஆறு பேருக்கு எப்படி விற்றாய் என்று என்னை எழுந்து நிற்கச் சொல்லி மலையாளத்தில் கேட்டார். நானும் மலையாளம் நன்றாகவே பேசுவேன். ஆனால் பதற்றத்தில் வீட்டில் பேசும் தமிழ்தான் வாயில் வந்தது.

"ஏலம் எடுத்தவரு தேங்காய வீட்டுக்குக் கொண்டு போவமாட்டாரு சார். சபைக்கே திரும்பக் குடுப்பாரு. பொறவு அதையே மறுபடி ஏலம் போடுவாவ. இங்க அப்பிடியாக்கும்."

"உள்ளதாக்கும் சார்," என்றாள் பக்கத்தில் இருந்த, செங்கல் என்ற ஊரிலிருந்து வரும் தோழி. "எங்க வீட்டுப் பக்கத்துச் சபையிலயும் உண்டு."

சார் சிரித்துவிட்டார். பிறகு, இதை ஏன் தாளில் எழுதவில்லை என்றார்.

"எல்லாருக்கும் தெரியுமேண்ணு நெனச்சேன் சார்."

தனக்குத் தெரியாதே என்றார். ஒவ்வொரு பதிவின் கீழும் அது ஏன் வந்தது என்று ஒரு வரி வேண்டும், அந்த வரியை எழுதத் தெரிந்தால் மற்றதைப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார். அங்கேயே உட்கார்ந்து ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். தேறிவிட்டேன். பஸ்ஸில் அன்று நானும் தோழியும் போட்ட சத்தத்தில் கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அந்த வருடப் பண்டிகைக்கு சாரை அழைத்தேன், வந்தார். ஏலக் கணக்கு எழுத என்னைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். தேங்காயை ஏலம் எடுத்த சார், அதைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு என் நோட்டை எட்டிப் பார்த்தார். காரணத்தையும் சேர்த்து எழுதியிருந்தேன்.

இப்போது வேலையில் எந்தக் கணக்கை எழுதினாலும், எங்கள் ஊர்த் தேங்காயைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் அதைப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.