‘மற்றும் பலர்’ மூட்டைக்குள் ஒரு அக்கா

கால்நடை ஆராய்ச்சி நிலையத்து நூலகருக்கு எல்லோரும் வைத்த பெயர் துருவல். எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு வரும் பால் கொஞ்சம் நீர்த்திருந்தால் போதும், மாடு நேற்று என்ன தின்றது என்று பால்காரரை வாசலில் நிறுத்தி விசாரிப்பார். உள்ளே மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவரிடம் டைரக்டர் ஒரு வேலை கொடுத்தார். நிலையத்தார் எழுதிய கட்டுரைகளை வெளியில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஆள்வாரியாக எண்ணித் தர வேண்டும். எண்ணிக்கை தேறாதவர்களின் ஆய்வறையை மூட உத்தரவும் தயார். துருவல் மூன்று வாரம் எண்ணினார். பால் பரிசோதனை அறை அக்காவுக்கு முட்டைதான் விழுந்தது.

அறை போனால் அக்காவுக்கு எல்லாமே போச்சு. பன்னிரண்டு மாடுகளுக்கு வெவ்வேறு நீளத்தில் வைக்கோல் நறுக்கிப் போட்டு, ஆறு வருஷமாகப் பாலின் கொழுப்பை அளந்து வருகிறார். முடிய, மாடுகள் இன்னும் ஒரு ஈற்று ஈனுவதுதான் பாக்கி. தொழுவம் விட்டால் அறை, அறை விட்டால் தொழுவம், நூலகப் படியை அவர் மிதித்ததே கிடையாது. சேதி கேட்டதும் கண்ணாடிக் குழாய்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

துருவலுக்கோ மண்டை குடைந்தது. வைக்கோலைப் பொடியாக நறுக்கினால் மாடு அசைபோடுவது குறையும், பாலில் கொழுப்பும் இறங்கும் என்று நூலகத்துக்கு வரும் இதழெல்லாம் எழுதுகிறதே. அதை முதலில் அளந்து பார்த்தது அக்காதானே, பிறகெப்படி முட்டை? பழைய தொகுப்புகளை மறுபடி இறக்கினார். தும்மித் தும்மித் தேடி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கட்டுரையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் எழுதியது. அக்கா பெயர் கடைசி. மேற்கோள் காட்டியவர்கள் முதல் பெயரை மட்டும் போட்டு, மிச்சப் பேரை ‘மற்றும் பலர்’ என்று மூட்டை கட்டியிருந்தார்கள். துருவல் எண்ணியதும் அந்த முதல் பெயர்களைத்தான். அடப்பாவி, அக்கா அறைக்கு நானே பூட்டு வாங்கிக் கொடுத்தேனே என்று நெற்றியில் அறைந்துகொண்டார்.

ஒவ்வொரு கட்டுரையாகப் பிரித்து எல்லாப் பெயரையும் சேர்த்து எண்ணினார். அக்காவுக்கு நூற்று எண்பத்தேழு! நிலையத்திலேயே அதற்கு மேல் யாருக்கும் இல்லை. டைரக்டர் லேசில் நம்புகிற ஆளா? பாதி நாள் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டுத்தான் உத்தரவிலிருந்து அந்த அறையை நீக்கினார்.

துருவல் ஓட்டமும் நடையுமாக வந்து, அறை தப்பியது என்று சொல்லிப் பட்டியலை நீட்டினார். அக்கா அறையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

“இத்தனை பேரா தம்பி படிச்சிருக்காங்க?”

“ஆமாக்கா.”

“இருபத்திரண்டு வருஷமா, நான் எழுதினதை ஒருத்தரும் தொடலைன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

குழாய்களை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். துருவல் ஒரு பெயர் விடாமல் வாசிக்க, அக்கா அழுதுகொண்டே கேட்டார்.