திரும்பி வந்த படிவம்

ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, கணினியில் ஒரு பொய்யை எழுதி அனுப்பினேன்.

தில்லியில் ஓர் அரசு நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். ஆண்டு முடிந்ததும் அவரவர் செய்த வேலையை அவரவரே படிவத்தில் எழுதித் தர வேண்டும். பதவி உயர்வு அதை வைத்துத்தான். இடம் ஒன்று, போட்டியில் ஐந்து பேர். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

அந்த ஆண்டின் பெரிய வேலை, ஒரு நீரேற்று நிலையத்தின் வரைபடம். செய்தவர் என் பிரிவின் இளம் பொறியாளர் மீனு. நான் அப்போது மஞ்சள் காமாலையில் வீட்டில் கிடந்தேன்.

"உம்ம பேர்ல எழுதும்வே," என்றார் திருநெல்வேலிக்காரரான என் மேலதிகாரி. "மத்த நாலு பேரும் என்னல்லாம் அளந்து விட்டிருக்கானுவ தெரியுமா? அந்தப் புள்ளைக்கு இன்னும் வயசு கெடக்கு."

எழுதினேன். அனுப்பினேன். மதியம் சோறு இறங்கவில்லை. அனுப்பியதை நாமாகத் திரும்பப் பெற வழியும் இல்லை.

மனைவி மரகதத்திடம் சொன்னேன். "காய் வாங்கினதக்கூட மணி போட்டு டைரியில எழுதுற மனுஷன், ஆபீஸ்ல புளுகிட்டு வந்தீங்களாக்கும்! எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? முருகன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

வியாழன் காலை கோயிலில் நின்றேன். பதவி வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அதை அவனிடம் மறைக்கவும் இல்லை. "முருகா, அந்த நாற்காலி எனக்கு வேணும். இந்தப் பொய்யோட வேண்டாம். அதை எங்கிட்டயே திருப்பிக் கொடு." அழுதுவிட்டேன்.

வெள்ளி காலை பத்தரைக்குப் படிவம் திரும்பி வந்தது. கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று நிர்வாகப் பிரிவு திருப்பியிருந்தது. விடுப்பில் இருந்த நாட்களுக்கான கட்டம். இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் ஒரு கட்டத்தையும் விட்டவன் அல்ல. இந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுப்போக வைத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாட்களை நிரப்பினேன். பொய்யை நீக்கி, "வரைபடத்தை மீனு தனியாகச் செய்தார்" என்று எழுதினேன்.

"நீரெல்லாம் டெல்லியில எப்படிவே பொழைக்கீரு?" என்று மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அதில் என் பெயர் இல்லை. இரண்டு நாள் வலித்தது. பிறகு ஒரு காலை, மீனு தன் புதிய வரைபடத்தை என் மேசையில் விரித்தார். "சார்ஜி, தப்பு இருக்கான்னு உங்ககிட்ட மட்டும்தான் கேக்க முடியும்," என்றார் இந்தியில். அவர் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடிந்தது. அதுவே எனக்குப் போதும்.

அன்பர்களே, முந்த வேண்டும் என்ற அவசரத்தில் நீங்களும் ஏதாவது ஒரு பொய்யை அனுப்பியிருக்கலாம். கூசாமல் போய் முருகன்முன் நில்லுங்கள். அது திரும்பக் கைக்கு வரும்படி அவன் செய்வான். திருத்தி எழுதுவது மட்டும் நம் வேலை.