திங்கட்கிழமைக் குப்பி

கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் மருந்துக் குப்பி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உள்ளே கொஞ்சம் திருநீறு. நிரப்பியவள் என் அக்கா.

அக்காவும் மச்சானும் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, விஜயநகரில் பாதி எழும்பிய ஒரு வீட்டுக்குக் காவல் இருந்தார்கள். தகரக் கொட்டகையின் இருட்டிலேயே வளர்ந்த அவர்களுடைய மூன்று வயது மகளுக்குக் கால்கள் வில்லாக வளைந்திருந்தன. டாக்டரம்மா கால்சியம் சிரப்பும், வாரத்துக்கு ஒரு குப்பியாக எட்டு வாரத்துக்கு வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். மருந்துக்கடையில் அரை மணி நேரம் நின்று, மூடி உடையாமல் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன, அளவு சீட்டில் உள்ளதுதானா என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் நீட்டிய சத்துப்பொடி டப்பாவை வேண்டாமென்றேன். பாதுகாப்பானதைத் தேர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அக்கா மறந்துவிடக் கூடாதே என்று எட்டுக் குப்பிகளையும் மாதேஸ்வரன் படத்தடியில் நானே வரிசையாக வைத்தேன். திங்கட்கிழமைதோறும் அங்கே விளக்கேற்றுவாள். "வெளக்கு வெக்கறப்ப ஒண்ணு குடுத்துரு அக்கா, மறக்கவே மறக்காது" என்றேன். "படிச்சவன் ரோசனையப் பாத்தீங்களா?" என்று மச்சானைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த வாரமே கார்த்திகை பிறந்தது. கார்த்திகையில் எங்கள் வீடுகளில் தினமும் விளக்கு. எனக்கும் தெரிந்ததுதான். தோன்றவில்லை.

மாதக் கடைசியில் ஒரு நண்பகல் அங்கே போனேன். ஆள் அரவமே இல்லை. மடக், மடக் என்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாப்பா தண்ணீர்த் தொட்டியில் கவிழ்ந்து குடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பினாள், கண்கள் என்மேல் பட்டன, என்னைப் பார்க்கவில்லை. மறுபடி குனிந்தாள், நீரில் தெரிந்த தன் முகத்தையே குடித்துத் தீர்ப்பவள்போல.

"நாலு நாளா இப்படித்தான், தம்பி. சோறு எறங்கல. சிரிப்பே இல்ல. தொட்டிக்குள்ள இருந்து ஏதோ கூப்புடறாப்ல இருக்குது. மலைக்குக் கூட்டிட்டுப் போலாங்கறாரு உன்ற மச்சான்" என்று கொட்டகைக்குள்ளிருந்து வந்த அக்கா கிசுகிசுத்தாள்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். அப்போதுதான் படத்தடியைப் பார்த்தேன். இருபதுக்கும் மேற்பட்ட காலிக் குப்பிகள், கழுவித் திருநீறு நிரப்பி, வரிசையாக. எட்டும் தீர்ந்ததும், காலிக் குப்பியைக் கடையில் காட்டி அவளே வாங்கியிருக்கிறாள்.

"ரத்தத்துல கால்சியம் ஏறிக் கெடக்கு. அதான் இந்தத் தாகம். இன்னும் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும். தெனமும் குடுக்கச் சொன்னது யாரு?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதட்டினார். நான் வாய் திறக்குமுன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள் அக்கா. "நானேதானுங்க. படிக்காதவ, தெரியாமக் குடுத்துட்டேன்."

பன்னிரண்டு நாள் சலைன் ஏறியது. பாப்பா பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஓடுகிறாள். நான் சொன்னதுதான் அது என்று அக்கா இன்றுவரை மச்சானிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் பாப்பாவோடு என் வீட்டுக்கு வந்தவள், ஒரு சளி மருந்தையும் சீட்டையும் நீட்டி, "இத எப்பக் குடுக்கோணும், தம்பி?" என்றாள். அதே நம்பிக்கை. இழுப்பறையைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்தேன். அந்நேரம் பின்னால், மடக், மடக். திரும்பினேன். வெயிலில் விளையாடிவிட்டு வந்திருந்த பாப்பா சொம்பை இறக்கி, "என்ன மாமா?" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தேன். இரண்டு தடவை.