போயிட்டு வாங்க என்பதற்கு இங்கிலீஷ்

அறுபதுகளின் தொடக்கம். மலையேறி வந்த பஸ்ஸின் இன்ஜின் சூடு தணிவதற்காகச் செண்பகனூரில் நிற்கிறோம். பேரிக்காய்க் கடையோரம் கம்பளி போர்த்திய ஓர் அம்மாள் காத்திருக்கிறார். வெள்ளைக்காரர் வீட்டு ஆயா. அந்தக் குடும்பம் இன்று சீமைக்கே திரும்பிப் போகிறதாம். கார் இந்த வழியாகத்தான் இறங்க வேண்டும்.

என் கையிலுள்ள இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்துவிட்டு அருகில் வருகிறார்.

“ஐயா, ‘கம் பேபி’, ‘ட்ரிங்க் மில்க்’ எல்லாம் தெரியுங்க. பாப்பாவ வளத்ததே அத வச்சுத்தான். ‘போயிட்டு வாங்க’ன்னு எப்படிங்க சொல்லணும்?”

“குட் பை.”

“அது போறதுக்குத்தானங்க. வர்றதுக்கு ஒண்ணுமில்லையா?”

சற்று யோசித்து, “கம் அகெய்ன்” என்கிறேன். முணுமுணுத்துப் பழகிக்கொள்கிறார்.

கார் வந்து நிற்கிறது. செம்பட்டை முடிச் சிறுமி ஒருத்தி ஜன்னல் வழியே அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

“கம் அகெய்ன், பேபி” என்கிறார் ஆயா.

“நீயும் வா ஆயா. வெரசா ஏறு” என்கிறாள் சிறுமி, நம் ஊர்த் தமிழில்.

ஆயா கழுத்திலிருந்து அந்தக் கைகளைத் தானே பிரித்து உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றச் சொல்லி டிரைவருக்குச் சைகை காட்டுகிறார்.