அழைக்காத கல்யாணத்தில் அக்கார்டியன் வாசித்தவர்

அக்கார்டியன் அங்கமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நாங்கள் அவரைத்தான் கிண்டலடித்துக்கொண்டிருந்தோம். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது என் தார்ப்பாய்க் கடை. சாயங்காலம் அங்கே நாலு பேர் கூடினால் பேச்சு அவரிடம்தான் போய் நிற்கும். அவர் குழுவில் டிரம் வாசிக்கும் கந்தசாமி வந்தான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். "அண்ணன் போயிட்டாருங்க. சாப்புட்டுப் படுத்தவரு எந்திரிக்கவே இல்ல." டிங்கர் ராமசாமி அப்போது பாதிச் சிரிப்பில் இருந்தான். மீதிச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான்.

காரியத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் எழுது என்று என்னிடம் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். "அன்னாரது மறைவு ஈடுசெய்ய இயலாதது" என்றெல்லாம் எழுத எனக்கு வராது. எழுதினாலும் அண்ணனே எழுந்து வந்து, "ஏனுங்க, அன்னாருன்னா ஆருங்க?" என்று கேட்பார். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணனின் இடிமுழக்கம் இன்னிசைக் குழுவைக் கேட்காதவர் இதைப் படிக்கப்போவதில்லை. சேலத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் எந்த மாரியம்மன் பண்டிகையானாலும் அவர்கள் எலக்ட்ரிக் கிடார் உறுமினால் பக்கத்து ஊரில் நாடகம் பார்ப்பவன் எழுந்து வந்துவிடுவான். மற்ற குழுக்களின் ரசிகர்கள் எங்கள் ஆள் அந்தச் சினிமாப் பாட்டுக்காரர் மாதிரி, இந்தச் சினிமாப் பாட்டுக்காரர் மாதிரி என்று சண்டை போடுவார்கள். எங்கள் சண்டை வேறு. இடிமுழக்கம் பட்ட மானக்கேடுகளில் முதலிடம் எதற்கு? வருடக்கணக்காக இதே வழக்குதான். விரித்துப்போட்ட தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து ராமசாமி ஒன்றைச் சொல்வான், முட்டைக்கடை சுப்பு ஒன்றைச் சொல்வான். குழுவின் முதலாளியான அங்கமுத்து அண்ணனும் எங்களோடு சப்பணம் போட்டு உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு மானக்கேடா?" என்று எங்களைவிடச் சத்தமாக வாதாடுவார்.

ராமசாமியின் ஓட்டு வெண்ணந்தூருக்கு. அங்கே லாரியின் பக்கப் பலகைகளை இறக்கிவிட்டு அதையே மேடையாக்கியிருந்தார்கள். பாதிக் கச்சேரியில் டிரைவருக்குத் தூக்கம் தெளிந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். கிடார்க்காரன் அலறினான். அண்ணன் அக்கார்டியனை விடவில்லை. "பாட்ட நிறுத்தாதீங்கடா. லாரி நிக்கறப்ப நிக்கட்டும்." மைக் ஒயர் பிய்ந்துபோனது, பாட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடியது. ராசிபுரம் ரோட்டில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்ததால்தான் கச்சேரி நின்றது. "கூட்டம் பின்னாலயே ஓடியாந்துச்சு பாத்தியா? எந்தக் குழுவுக்கு வந்திருக்கு?" என்பார் அண்ணன். அவர் கணக்கில் அது மானக்கேடே இல்லை.

சுப்புவின் ஓட்டு பள்ளிபாளையத்துக்கு. அதில் என் கைவேலையும் உண்டு. ஊரெல்லாம் பெல்பாட்டம் போட்டுத் திரிந்த காலம். குழுவுக்குக் கோட்டும் பெல்பாட்டமும் வேண்டும், துணிக்கு வழியில்லை என்றார் அண்ணன். என்னிடம் இருந்தது தார்ப்பாய். ஆறு பேருக்கும் பச்சை நிறத்தில் தைத்துக் கொடுத்தேன். பார்வைக்கு ராணுவம் தோற்றுவிடும். ஆனால் மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கத் தார்ப்பாயில் மெழுகு ஏற்றியிருக்கும். சித்திரை மாதம், நாலு பக்கமும் ஃபோகஸ் லைட். முதல் பாட்டு முடிந்து கைதட்டலுக்கு வணக்கம் சொல்ல எழுந்தார்கள். ஆறு இரும்பு நாற்காலிகளும் கூடவே எழுந்தன. அண்ணன் பின்பக்கம் நாற்காலியோடு குனிந்து நிதானமாகக் கும்பிட்டார். மைக்கில் சொன்னார்: "உங்க ஊருச் சேர் எங்கள விடமாட்டேங்குது. இன்னும் ரெண்டு பாட்டுப் பாடிட்டே போறமுங்க." அந்தக் கைதட்டல் காவிரியைத் தாண்டி ஈரோட்டில் கேட்டிருக்கும்.

இப்படி வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டி. பெரியவர் காதில் கடுக்கன். தார்ப்பாய் விலை கேட்டார்கள், சொன்னேன். பேரம் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஆரப் பத்திங்க இவ்வளவு சிரிப்பு?" என்றார் பெரியவர்.

"நம்ம இடிமுழக்கத்தப் பத்தித்தானுங்க. இவருதான் முதலாளி" என்றேன்.

"அப்புடிங்களா. நல்ல குழுங்களா?"

அண்ணனுக்கு அது போதும். வெண்ணந்தூரைச் சொன்னார், பள்ளிபாளையத்தைச் சொன்னார். "இதெல்லாம் சில்லறைங்க. பெருசு ஒண்ணு இருக்குது. திருச்செங்கோட்டுல ஒரு கல்யாணம். எதுத்தாப்பல எதுத்தாப்பல ரெண்டு மண்டபம். நாங்க தப்பான மண்டபத்துல ஏறிட்டமுங்க. பொண்ணு ஊட்டாரு மாப்ள ஊட்டாரு கூட்டியாந்ததுன்னு நெனச்சாங்க. மாப்ள ஊட்டாரு பொண்ணு ஊட்டாருன்னு நெனச்சாங்க. காப்பி குடுத்தாங்க, மாலை போட்டாங்க. எம்பொண்ணு மல்லிகா அப்ப ரெட்டைச் சடை. அவ பாட்டுக்கு ரெண்டு தடவை ஒன்ஸ்மோருங்க. பந்தியில உக்காந்து ஜாங்கிரிய வாயில வெக்கறப்பத்தான் கந்தசாமி வாசல் போர்டப் பாத்துட்டு வந்து காதுல சொன்னான். ஜாங்கிரிய முழுங்கிப்போட்டு, சமையக்கட்டு வழியா அக்கார்டியனத் தலையில வெச்சுக்கிட்டு ஓடியாந்தம். கூப்புட்ட மண்டபத்துல ஜமுக்காளத்தச் சுருட்டிக்கிட்டிருந்தாங்க."

நாங்கள் உருண்டோம். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த மண்டபமுங்க அது?" என்று கேட்டார். அண்ணன் மண்டபத்தின் பேரைச் சொன்னார். பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் துணைக்கு வந்தவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் மனைவி பாவாயி அக்கா மூச்சிரைக்க வந்தார். "ஏனுங்க, பரமத்திப் பக்கமிருந்து மல்லிகாவ விசாரிக்க ஆளு வாராங்களாமா. தரகரு இப்பத்தான் சொன்னாரு. ஆரு என்ன கேட்டாலும் நீங்க வாயத் தொறக்காதீங்க, சாமி."

சுப்புதான் மெதுவாகக் கேட்டான். "அக்கா, வாரவருக்குக் காதுல கடுக்கனுங்களா?"

பாவாயி அக்கா தார்ப்பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணெடுப்பவர் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். டீக்கடை, சலூன், பட்டறை என்று சுற்றி விசாரித்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார். ஊரே இது தெரிந்து பதில் சொல்லும். எந்தத் தகப்பனும் தன் மானக்கேட்டைத் தானே வரிசைப்படுத்திச் சொன்னதாக நான் கேட்டதில்லை. மல்லிகாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மேடையில் பாடுகிற பிள்ளை வேண்டாம் என்றார்கள். இதுவும் போனால் அடுத்து ஒரு தரகர் வாசல் மிதிப்பாரா என்று பாவாயி அக்கா அழுதார்.

அதன்பின் அண்ணன் கடைக்கு வரவில்லை. பரமத்தியிலிருந்து பேச்சுமூச்சில்லை. குழுவைக் கலைத்துவிடப்போவதாகக் கேள்விப்பட்டு நான் வீட்டுக்குப் போனேன். அக்கார்டியனைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார்.

"எம்பொண்ணு வாழ்க்கைய நானே சிரிச்சுச் சிரிச்சுக் கெடுத்துட்டனப்பா."

உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. "கலைக்கறதுன்னா என்னையக் கேட்டுக் கலைங்க. பாடறது நானு. ஒன்ஸ்மோரு கேட்டது என்னைய."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுபடி ஒரு சாயங்காலம் அந்தக் கடுக்கன் பெரியவர் கடைக்கு வந்தார். கூட வேறொரு பெரிய மனிதர், பட்டுக்கரை வேட்டி. "அங்கமுத்து எங்கீங்க? வரச் சொல்லுங்க" என்றார். ராமசாமி ஓடிப்போய்க் கூட்டிவந்தான். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

பெரியவர் தன்னோடு வந்தவரைத் தார்ப்பாயில் உட்காரவைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "அந்தத் திருச்செங்கோட்டுக் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க. இவரும் கேக்கட்டும்."

அவமானப்படுத்த ஆள் கூட்டிவந்திருக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். சுப்பு அண்ணன் காதருகே குனிந்து, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு சொல்லிப்போடுங்க, அண்ணா" என்றான். அண்ணன் அவனைக் கையால் விலக்கினார். பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "மாத்திச் சொன்னா அது வேற ஆரோ கதை. என்ற கதை இல்ல."

சொல்ல ஆரம்பித்தார். முதலில் குரல் கம்மியிருந்தது. காப்பி வந்த இடத்தில் கொஞ்சம் சூடு பிடித்தது. ஒன்ஸ்மோர் வந்தபோது நிமிர்ந்துவிட்டார். ஜாங்கிரியை முழுங்கியதும், சமையல்கட்டு வழியாக ஓடியதும் எதையும் விடவில்லை. அக்கார்டியனைத் தலையில் வைத்துக் காட்டும்போது இரண்டு கையையும் தூக்கினார். அப்படியே நின்றார்.

கடுக்கன் பெரியவர் மெல்லத் திரும்பினார். "சம்பந்தி. எம்பொண்ணு கல்யாணத்துக்குக் கச்சேரி வெச்சது ஆருங்க?"

பட்டுக்கரைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒவ்வொரு பொங்கலுக்கும் சீரெடுத்துக்கிட்டு இவரு ஊட்டுக்குப் போவேன். ஒவ்வொருக்காவும், 'பொண்ணு ஊட்டுல ஒரு மேளங்கூட ஒழுங்கா இல்ல, கச்சேரி வெச்சு மானத்தக் காப்பாத்துனது நாங்க'ன்னு நாலு பேரு முன்னால சொல்லுவாரு. நான் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு வருவேன். அந்தக் கச்சேரியில பாடுன சின்னப்புள்ள எம்பையனுக்கு அமைஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சேன். இவரக் கேட்டா இன்னொரு தடவை பீத்திக்குவாருன்னுதான் நானே விசாரிக்க வந்தேன்."

சம்பந்தி மீசையைத் தடவினார். "மண்டபத்துல ஒருத்தரு கேட்டாரு, உங்க ஏற்பாடான்னு. ஆமான்னுட்டேன். ஒருக்காச் சொன்னதத் திருப்ப முடியலீங்க."

முதலில் சிரித்தது ராமசாமி. அப்புறம் கடை முழுக்க. கடைசியில் சம்பந்தியே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் கையைப் பிடித்தார். "நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாத்திக்கற நாளச் சொல்லுங்க. தன் மானம் போனதுல ஒரு வரியக்கூடக் கொறைக்காம சொல்ற ஊட்டுல பொண்ணெடுத்தா, நான் இனிமே நிமுந்து நடக்கலாம்."

அண்ணன் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் கேட்டார். "புள்ள பாடுமுங்களே?"

"பாடாம? எங்க சம்பந்தி தெருவுல முதக் கச்சேரி."

பாடினாள். கல்யாணத்தன்றே கழுத்து மாலையோடு மேடையேறிப் பாடினாள். மாப்பிள்ளை மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் வாசித்த வாசிப்பில் அக்கார்டியன் கிழிந்துவிடும் என்று பயந்தேன். அடுத்த தை மாதம் அந்தப் பட்டுக்கரைச் சம்பந்தி தெருவிலும் கச்சேரி நடந்தது. முன்வரிசையில் அவரே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம், "இவங்களத் தப்பா எங்க மண்டபத்துக்குக் கூட்டியாந்தது விதிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கமுத்து அண்ணனிடம் சங்கீதம் கற்றுக்கொள்ள எனக்குக் காது இல்லை. நான் எடுத்துக்கொண்டது வேறு. கடைக்கு ஒருவர் வந்து, "உங்க தார்ப்பாய் போன மழையில ஒழுகுச்சாமே?" என்று கேட்டால் நான் மறுப்பதில்லை. உட்காரவைத்து, எந்தக் கணவாயில் எந்த மூட்டை நனைந்தது, டிரைவர் என் பரம்பரையை எப்படியெல்லாம் வாழ்த்தினான் என்று ஒரு வரி குறைக்காமல் சொல்கிறேன். சிரித்து முடித்துவிட்டு, "செரி, நமக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்கிறார்கள். அளவு எடுக்க எழுந்திருக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. அந்த நிமிர்வு அவருடையது.